47 ஓவியங்கள் உள்ள தளம்: எதை எடுப்பது, எதை வைப்பது?

மயிலிறகு:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். ஆறு வருடமாகத் தெரிந்தவர்கள் சொல்லித்தான் வேலை வந்தது. புது ஆட்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று போன வருடம் ஒரு டெம்ப்ளேட் (ஏற்கெனவே வடிவமைத்து விற்கும் பக்க மாதிரி) வாங்கி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சொந்தமாக இணையதளம் போட்டேன்.

திறந்ததும் என் பெயர் எழுத்து எழுத்தாக வரும். பின்னால் வண்ணத்துப்பூச்சி பறக்கும். அடுத்து, தானாக நகரும் ஐந்து படங்கள். அதன் கீழே 'வாட்டர்கலர் 90%, ஃபோட்டோஷாப் 85%' என்று நிரம்பும் பட்டைகள். ஓவியங்கள் அதற்கும் கீழே. மொத்தம் 47.

போன வாரம் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குப் போயிருந்தேன். ஆசிரியர் அம்மா என் எதிரிலேயே ஃபோனில் லிங்கைத் திறந்தார். சக்கரம் சுற்றியது. பிறகு பெயர் வரத் தொடங்கியது. விரலால் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார், ஓவியம் வரவில்லை. "அப்புறம் பார்க்கிறேன்மா" என்று ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார். எழுந்திருக்கப் போகும்போது என் மடியில் இருந்த ஸ்கெட்ச் நோட்டு அவர் கண்ணில் பட்டது. "அது என்ன, குடு" என்று வாங்கினார். அட்டை கிழிந்த பழைய நோட்டு. முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை ஒன்று விடாமல் புரட்டினார். ஒரு ஆட்டுக்குட்டிப் படத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த நோட்டு மாதிரி என் தளம் இருக்க வேண்டும். ஆனால் எதை எடுக்கப் போனாலும் மனசு வரவில்லை. இன்னொன்று: என் பெயரில் வரும் 'செ', சில ஃபோன்களில் 'ச' தனியாகவும், கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகவும் தெரிகிறது. ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பு:

சிறுவர் புத்தகங்களுக்கு இருபது வருடமாக லேஅவுட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்கிறேன்மா. ஓவியரைத் தேர்ந்தெடுப்பதும் என் வேலைதான். ஒரு புது ஓவியரின் பக்கத்தைத் திறக்கும்போது என் மனதில் இருப்பது அன்று கையில் உள்ள கதை. பாட்டியோடு சந்தைக்குப் போகும் ஒரு சிறுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பார்த்த சிறுமிதான் பன்னிரண்டாம் பக்கத்திலும் இருக்கிறாளா? ஓடும்போதும், அழும்போதும், முதுகைக் காட்டி நிற்கும்போதும் 'அவள்தான்' என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். தனித்தனியாக 47 அழகான படங்கள் பார்த்தாலும் எனக்கு இது தெரியாது. ஒரே கதையில் இருந்து தொடர்ச்சியாக நான்கு படங்கள் போட்டால் தெரிந்துவிடும்.

இரட்டைப் பக்கமாக வரைந்தது இருந்தால், கதை வரிகளோடு அப்படியே போடுங்கள். எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாரா, நடு மடிப்பில் முகம் விழாமல் பார்த்திருக்கிறாரா என்று முதலில் அங்கேதான் பார்ப்பேன். மடிப்புக்குள் ஒரு யானையின் கண் போய்விட்ட புத்தகம் ஒன்று என் கையாலேயே அச்சுக்குப் போனது. இன்னும் எனக்கு வருத்தம்தான்.

அந்தப் பட்டைகளை எடுத்துவிடுங்கள். 90% என்ற எண்ணால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. சாயம் பரவி நின்ற விளிம்பைப் பார்த்தாலே கை தெரிந்துவிடும். படத்தின் கீழே ஒரு வரி போதும்: எந்தக் கதைக்கு, எந்த வருடம், எதில் வரைந்தது. மின்னஞ்சல் முகவரி மேலேயே எழுத்தாக இருக்கட்டும். படிவம் வேண்டாம், நாங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்றே தெரிவதில்லை.

மனசு வரவில்லை என்றீர்களே, அதற்கு நான் செய்வது இதுதான். எல்லாவற்றையும் உள்ளங்கை அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, 'இதே மாதிரி இன்னொரு வேலை வந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வேனா' என்று கேளுங்கள். எதைக் காட்டுகிறீர்களோ அந்த வேலைதான்மா திரும்ப வரும்.

வலைத்தறி:

வணக்கம் அக்கா. புள்ளி வட்டத்துக்குக் காரணம் அந்தப் பெயர் அனிமேஷன்தான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'செ' என்பது 'ச', கொம்பு என்று இரண்டு குறிகள். இரண்டும் ஒட்டி வந்தால்தான் உலாவி (பிரவுசர்) கொம்பை இடப்பக்கம் வைத்து ஒரே எழுத்தாகக் காட்டும். உங்கள் டெம்ப்ளேட் ஒவ்வொரு குறியையும் தனிப் பெட்டியில் போட்டு நகர்த்துகிறது. துணையில்லாமல் நிற்கும் கொம்புக்கு வட்டம் வந்துவிடுகிறது. பெயரைச் சாதாரண எழுத்தாகப் போடுங்கள், சரியாகிவிடும்.

எழுத்துருவையும் மாற்றுங்கள். இப்போது இருப்பதில் தமிழே இல்லை. அதனால் ஃபோனில் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை உலாவி எடுத்துக்கொள்கிறது. ஹிந்த் மதுரை, முக்த மலர் இரண்டும் இலவசம், ஆங்கில எழுத்தும் அவற்றிலேயே உண்டு. ஏதாவது ஒன்று, அதில் இரண்டு தடிமன் போதும். வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்று இருக்கிறது, 1.7 ஆக்குங்கள். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். 1.2-இல் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

சக்கரம் சுற்றுவதற்குப் படங்களின் அளவுதான் காரணம். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் வரும். அச்சுக்கு அது வேண்டும். ஆனால் நிறைய ஃபோன்களில் திரையின் அகலமே 1080 பிக்சல்தான். உங்கள் 47 படங்களும் ஸ்கேன் அளவிலேயே இருக்கின்றன, கூட்டினால் 140 எம்பிக்கு மேல். ஸ்க்வூஷ் என்று ஒரு இலவசக் கருவி உலாவியிலேயே ஓடும். அதில் அகலத்தை 1600 ஆக்கி, வெப்-பி என்ற, கோப்பின் அளவைக் குறைக்கும் பட வடிவில் சேமியுங்கள். நீர்வண்ணத்தின் மெல்லிய கறை போய்விடக் கூடாது, அதனால் தரத்தை ஒரேயடியாகக் குறைக்காமல் ஒவ்வொரு படமாகப் பார்த்து வையுங்கள். முதல் படத்தைத் தவிர மற்றவற்றுக்கு 'லேஸி' என்று கொடுத்தால், ஸ்க்ரோல் செய்து அருகே வரும்போதுதான் இறங்கும்.

நிழலாட்டம்:

நான் அனிமேஷன் செய்பவன். என்னைப் போல அசைவே தொழிலாக உள்ளவர்கள் தளத்தில் அசைவை வைக்கத்தான் வேண்டும், அதையும் எடுத்துவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று கேட்கிறேன் அக்கா. அந்த வண்ணத்துப்பூச்சி நீங்கள் வரைந்ததா?

மயிலிறகு:

இல்லை தம்பி. டெம்ப்ளேட்டோடு வந்தது. என் தளத்தைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது வேறு யாரோ வரைந்த பூச்சி என்று நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கூடத்தில் படங்களைப் பரப்பினோம். 14 மிஞ்சின. ஒரு தேர்த் திருவிழாப் படம், 19 நாள் வரைந்தது, கூட்டத்தில் முந்நூறு தலையாவது இருக்கும். அதைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். இன்னொரு முறை வரைவேனா என்று கேட்டால், மாட்டேன். கழுத்துவலி இன்னும் போகவில்லை. பீரோவில் வைத்துவிட்டேன். தேதி, தாள் வகை எல்லாம் அம்மாவுக்குத்தான் நினைவிருந்தது, படத்துக்குக் கீழே உள்ள வரிகளில் பாதி அவர் சொன்னவை.

இப்போது மேலே பெயர், மின்னஞ்சல், உடனே அந்த ஆட்டுக்குட்டி. அதற்குப் பிறகு ஒரே கதையின் நான்கு பக்கங்கள். சித்தப்பாவின் பழைய ஃபோனில் திறந்து பார்த்தேன், சக்கரமே வரவில்லை. ஆசிரியர் அம்மாவுக்கு இன்று காலை லிங்கை மறுபடி அனுப்பினேன்.

வலைத்தறி தம்பி, ஒரு சந்தேகம். இரட்டைப் பக்கப் படத்தை ஃபோனில் பார்த்தால் கதை வரிகள் படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகிவிடுகின்றன. படத்தை இரண்டாக வெட்டாமல் ஏதாவது வழி இருக்கிறதா?