நம்ம ஊர்க் கட்டம் போட்ட துணியை ஆப்பிரிக்காவில் பார்த்தவர்கள் உண்டா?

கடல்காகம்

பல வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். 2009 முதல் 2013 வரை நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் பைப்லைன் வேலையில் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பன் கலாபாரி இனத்துக்காரன். அவனுடைய பாட்டி இறந்தபோது என்னையும் அவர்கள் ஊரான புகுமாவுக்குக் கூட்டிப்போனான். கலாபாரி சாவு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டில்களை அலங்கரித்து, குடும்பப் பெட்டியில் தலைமுறையாகக் காத்த துணிகளை எல்லாம் எடுத்து மடிப்பு மடிப்பாக விரித்து வைப்பார்கள். அதில் பாதி மெட்ராஸ் கட்டம். சிவப்பும் கருநீலமும் வெள்ளையும், அச்சு அசல் நம்ம கைலி மாதிரி. அங்கே அதற்கு இஞ்சிரி என்று பேர். எனக்கு ஒரே சந்தோஷம், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

வீட்டின் பின்பக்கம் போனால், நண்பனின் பெரியம்மா ஒரு புதுக் கட்டத் துணியை மடியில் போட்டு பிளேடால் அறுத்துக்கொண்டிருக்கிறார். கிழிக்கவில்லை. ஊசி முனையால் ஒரே ஒரு வெள்ளை இழையைத் தூக்குவார். பிளேடை வைப்பார். 'டிக்' என்று சின்ன சத்தம். கொஞ்சம் தள்ளி அதே இழையை இன்னொரு இடத்தில் அறுத்து, நடுவில் இருக்கிற துண்டை உருவி எடுத்துவிடுவார். காலடியில் உருவின நூல் பஞ்சு மாதிரி குவிந்துகிடந்தது.

எனக்குப் பதறிவிட்டது. "மாமா, நல்ல துணியை ஏன் இப்படிப் பாழ் பண்ணுகிறீர்கள்? இது எங்கள் ஊரில் நெய்தது" என்று சொல்லிவிட்டேன். (அங்கே அம்மா வயதில் இருப்பவர்களை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும்.)

அவர் துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டமே இல்லை. அடர்ந்த நிற இழைகள் மட்டும் நின்று, வலை போல, முழுக்க வேறு ஒரு வடிவம் வந்திருந்தது. பெலெட்டே பிட்டே. வெட்டின துணி என்று அர்த்தம்.

"நெய்தது உங்கள் ஆட்களாக இருக்கலாம். இது கலாபாரித் துணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த இழையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நாடாக்கட்டை

கடல்காகம் அண்ணா, படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவின் அப்பா ஆந்திராவின் சீராலாவில் தறி போட்டவர். 'ஆர்.எம்.எச்.கே' என்றால் அந்தப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தெரியாதவர் இல்லை. ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப். பேர்தான் கைக்குட்டை, ஒவ்வொன்றும் ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் இருக்கும். தாத்தா ஆயுள் முழுக்க அதைத்தான் நெய்தார். யார் உடுத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் "ஆப்பிரிக்கா சரக்கு" என்பார், அவ்வளவுதான்.

நைஜீரியா ஜவுளி இறக்குமதியைத் தடை செய்த காலங்களில் ஆர்டர் நின்றுபோகும். அப்போதுதான் அந்த நாட்டின் பேரே வீட்டில் அடிபடும்.

எனக்கு நினைவில் இருக்கிற ஒன்று. ஒரு இழை அறுந்தால் போதும், தாத்தா தறியை நிறுத்திவிட்டு, அந்த இழையின் இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, விரலில் கொஞ்சம் கஞ்சியைத் தொட்டு முறுக்கி இணைப்பார். கண்ணுக்கே தெரியாது. சின்ன வயதில் நான் விளையாட்டாக ஒரு பாவு இழையை அறுத்துவிட்டேன். அடிக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அந்தத் துணியின் இழையை ஒரு பெரியம்மா வேண்டுமென்றே பிளேடால் அறுத்தார் என்று இப்போது படிக்கிறேன். தாத்தா இருந்திருந்தால் இதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன்.

அக்ரா செந்தில்

மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். 'நம்ம துணி' என்று சந்தோஷப்படுமுன் அது எப்படி அங்கே போனது என்று யோசியுங்கள். ஐரோப்பியக் கப்பல்காரர்கள் நம் கடற்கரையில் துணி வாங்கினார்கள். அதைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் ஆட்களை வாங்கினார்கள். அடிமை வியாபாரத்தில் முக்கியமான பண்டமாற்றுச் சரக்குகளில் ஒன்று இந்தியத் துணி. கலாபாரிகளின் பழைய ஊரான எலெம் கலாபாரியும் அந்த வியாபாரத் துறைமுகம்தான். அன்று அங்கிருந்து கப்பலேறிய மனிதர்களின் விலை அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

நான் கானாவின் அக்ராவில் ஒன்பது வருடம். மக்கோலா சந்தையில் முதல் நாளே ஒரு அம்மாவிடம் பளபளவென்று ஆறு கஜம் வேக்ஸ் பிரிண்ட் (மெழுகு அச்சுத் துணி) வாங்கினேன், ஆப்பிரிக்கத் துணி என்று நினைத்து. அறைக்கு வந்து ஓரத்தைப் பார்த்தால் ஹாலந்து. ஹெல்மாண்டில் 1846இல் தொடங்கிய கம்பெனி, ஜாவா பாத்திக்கை மெஷினில் காப்பியடித்து அனுப்பிய சரக்கு. அந்த ஏமாற்றம் இன்னும் போகவில்லை.

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கானாவில் நெய்கிற கெண்டே துணி வாங்குங்கள். குமாசிக்குப் பக்கத்தில் போன்வைர் என்ற ஊருக்கே நேராகப் போங்கள். கைத்தறிக் கெண்டே நாலு விரற்கடை அகலத்தில் பட்டை பட்டையாக நெய்து, பிறகு பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் வேலைப்பாடு தெரிந்தால் தறியில் வந்தது, வெளிறிக் கிடந்தால் அச்சடித்தது. தையல் சந்திக்கிற இடத்தில் விரலால் தடவுங்கள், சின்ன மேடு தட்டுப்படும். காலையில் போங்கள், தறியில் ஆள் இருக்கும்போது. வாங்கியதை மெஷினில் துவைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். நைஜீரியா என்றால் யொரூபா பெண்கள் அவுரியில் தோய்க்கிற அதிரே, மாலி என்றால் சேற்றில் சாயமேற்றும் போகோலான். இவைதான் கலப்பில்லாதவை. மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் விற்றது.

தாரெஸ்ஸலாம் மீனா

என் மகள் தான்சானியாவில், தாரெஸ்ஸலாமில் பிறந்தாள். எதிர் வீட்டு பீபி (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார், கையில் ஒரு கங்கா, அங்கே பெண்கள் உடுத்துகிற அச்சுத் துணி. கங்கா ஜோடியாகத்தான் வரும், தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே துணியில் ஒட்டியிருந்தன. என் கட்டில் ஓரத்தில் வைத்தே நடுவில் கத்தரித்து, ஒன்றில் குழந்தையைச் சுற்றினார், இன்னொன்றை என் தோளில் போட்டார். கரைக்கு மேலே சுவாஹிலியில் எழுதியிருந்தது: 'நானி காமா மாமா'. தாயைப் போல் யார்?

என் அம்மா ஊரில் இருந்தார், விசா கிடைக்கவில்லை. அந்த எழுத்தைப் படித்ததும் அழுதுவிட்டேன். பீபி ஒன்றும் கேட்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து துவைக்கும்போதுதான் கவனித்தேன், ஓரத்தில் இந்தியாவில் அச்சிட்டது என்று இருந்தது. செந்தில் அண்ணா, உங்கள் கணக்குப்படி இது கலப்படச் சரக்கு. ஆனால் எந்த வாக்கியத்தை யாருக்கு, எந்த நாளில் கொடுப்பது என்பது அச்சடித்தவருக்குத் தெரியாது. பீபிக்குத்தான் தெரியும். மாமியாரிடம் கோபமா, பக்கத்து வீட்டுக்காரி புறம் பேசினாளா, அதற்கும் ஒரு கங்கா உண்டு. வாயைத் திறக்காமல் கட்டிக்கொண்டு அவள் வாசல் வழியாக ஒரு நடை போய்வந்தால் போதும்.

பழைய வாத்தியார்

செந்தில் தம்பி அடிமை வியாபாரத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அதை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் கலப்பில்லாதது என்று கெண்டேயைக் காட்டினீர்களே, அங்கேதான் இடறுகிறது. கானாவின் ஆசாந்தே மன்னர் ஓபோகு வாரே காலத்தில், 1730களில், கடற்கரை வியாபாரிகளிடம் ஐரோப்பியப் பட்டுத் துணிகளை வாங்கி, அவற்றை இழை இழையாகப் பிரித்து, அந்த நூலைத் தங்கள் பருத்தியோடு சேர்த்து நெய்தார்கள். டென்மார்க் வியாபாரிகளின் குறிப்பிலேயே இது இருக்கிறது. கெண்டேயின் அந்தப் பளபளப்பு வந்தவன் கொண்டுவந்த துணியைப் பிரித்து எடுத்த நூலில் தொடங்கியது. புகுமாப் பெரியம்மா பிளேடால் செய்ததை ஆசாந்தே நெசவாளர்கள் விரலால் செய்தார்கள்.

நான் குமாசியில் ஆறு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கூட வேலை பார்த்த ஒரு டீச்சரம்மா மேல், மாணவர்களின் பணத்தைக் கையாடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. பொய்ப் பேச்சு. ஸ்டாஃப் ரூமில் அவர் நுழைந்தாலே எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு திங்கள்கிழமை அவர் புது வேக்ஸ் பிரிண்ட் உடுத்தி வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜைக்குப் போய் நோட்டுத் திருத்த ஆரம்பித்தார். அறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம் பியூனைக் கேட்டேன். அந்தத் துணியின் பேர் 'அஹ்வெனே பா ன்கசா', நல்ல பாசிமணி சத்தம் போடாது என்றார். நிறைகுடம் தளும்பாது என்று நாம் சொல்வதேதான். ஹாலந்துக்காரன் பெட்டியில் வெறும் நம்பரோடு வந்த துணிக்கு மக்கோலா வியாபாரப் பெண்கள் வைத்த பேர் அது. பறவை படம் போட்ட இன்னொரு துணிக்கு 'பணத்துக்குச் சிறகு உண்டு' என்று வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டால் துணி ஓடும், இல்லாவிட்டால் கடையிலேயே கிடக்கும். ஹெல்மாண்டில் உட்கார்ந்து வடிவம் போடுகிறவர்களே இந்த அம்மாக்களைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. டோகோவின் லோமேயில் அப்படி வியாபாரம் செய்தே பென்ஸ் கார் வாங்கியவர்களை 'நானா பென்ஸ்' என்றே அழைத்தார்கள்.

தம்பி, நீங்கள் வாங்கிய அந்த ஆறு கஜத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பேர் என்னவென்று கானா நண்பர் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

அக்ரா செந்தில்

ஐயா, பட்டுத் துணியைப் பிரித்த சங்கதி எனக்குத் தெரியாது. அந்த ஆறு கஜம் பெட்டியில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் இன்னொன்று. இப்போது அதே வடிவத்தைச் சீனாவில் மலிவாக அடித்துக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கானாவின் சொந்த மில்களே திணறுகின்றன. பேர் வைக்கிற அம்மாக்கள் இதை எப்படித் தாங்குவார்கள்? அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

கிழக்குக்காற்று

நானும் அக்ராதான். கான்டமான்டோ, பழைய துணிச் சந்தை. மூட்டை மூட்டையாக வெளிநாட்டுப் பழைய துணி வருகிறதே, 'ஓப்ரோனி வாவு', செத்த வெள்ளைக்காரனின் துணி என்பார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் தீப்பிடித்துப் பெரும் பகுதி எரிந்துபோனது. சில வாரம் கழித்துப் போனேன். கரி வாடை போகவில்லை. மேலே கூரையில்லை. ஒரு பையன் தையல் மிஷினை வெட்டவெளியில் போட்டு, ரொம்பப் பருமனான ஆளுக்குத் தைத்த ராட்சதச் சட்டையைப் பிரித்து, அதில் இரண்டு பள்ளிக்கூடச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தான். காலரை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தான், எதற்கோ ஆகும் என்று. வேறு சொல்லத் தெரியவில்லை. அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

நாடாக்கட்டை

கடல்காகம் அண்ணா, அந்த வெட்டின துணி உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? ஒரு போட்டோவாவது?

கடல்காகம்

இருக்கிறது, நாளைக்கு வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். நான் ஊருக்குக் கிளம்பும்போது பெரியம்மா கொடுத்தனுப்பினார், ஒரு முழத் துண்டு. அதைக் கொடுக்கும் முன்னால் மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்து பார்த்தார், அசல்தான் என்று தலையாட்டினார். உங்கள் தாத்தா தறியின் சாயமும் கஞ்சியும்தான் அந்த வாடையோ என்னவோ.

ஊரில் பெட்டியைத் திறந்த அன்று இரவு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பூச்சி அரித்துவிட்டதேடா, நல்ல துணி" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ஓட்டையில் இரண்டு இழை ஓட்டியும்விட்டார். நான் துணியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தான் ஓட்டின அந்த இரண்டு இழையையும் ஊசி முனையாலேயே தூக்கி, பல்லால் கடித்து, உருவி எடுத்துவிட்டார்.