உழைப்பாளர் சிலை: கல்லா, வார்ப்பா? ராய் சௌத்ரி பற்றி

கேள்வி: மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியரா, சிற்பியா? அது செதுக்கியதா, வார்த்ததா?

பதில் 1: ஓவியர், சிற்பி இரண்டும்தான். 1899-ல் பிறந்தவர், ஓவியத்தில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957 வரை முதல்வர். தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதமியின் முதல் தலைவரும் இவரே. சிலை 1959-ல் நிறுவப்பட்டது. வெண்கல வார்ப்பு, உளி வேலை இல்லை. பாறையைப் புரட்டும் நால்வரின் முதுகையும் கெண்டைக்காலையும் பாருங்கள்: களிமண்ணை அப்பி அப்பி ஏற்றிய மேடுபள்ளம் அப்படியே உலோகத்தில் தெரியும்.

பதில் 2: பெரிய சிலைகளில் வழக்கமான முறை: இரும்புக் கம்பிக்கூட்டின் மேல் களிமண் உரு, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு, அதற்குள் சுமார் 5 மி.மீ. மெழுகு, நடுவே கரு (சிலையின் உள்பக்கம் வெற்றிடமாக இருக்க வைக்கும் நிரப்பு). சூளையில் மெழுகை முழுக்க எரித்துவிட்டு 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். மெழுகு மிச்சமிருந்தால் வாயு கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். அச்சில் ஈரம் இருந்தாலோ உலோகம் தெறிக்கும், ஆளுக்கே ஆபத்து.

பதில் 3: கடற்காற்றில் பச்சை படிவதெல்லாம் கேடு இல்லை. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள்தான் வில்லங்கம். உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தை அரிக்கிறது. மென்சோப்பில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெழுகு பூசவேண்டும். புளி போட்டுப் பளபளப்பாக்கினால் பட்டினா (காலப்போக்கில் உலோகத்தின் மேல் படியும் நிறப்படலம்) போய்விடும்.

பதில் 1: விட்டுப்போனது: சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ராய் சௌத்ரியிடம் படித்தவர். ஆனால் பாணியில் குருவை விட்டு வெகுதூரம் போனார்.