பிள்ளைகளை வெளியே விளையாட விட்ட அனுபவங்கள்: பகிர்ந்துகொள்ளுங்கள்

செம்பருத்தி:
வெளியே கூட்டிப்போனால் முதல் அரைமணி நேரம் பெரியவர்களுக்குத்தான் சோதனை. “போரடிக்குது”, “இப்ப என்ன பண்றது”, “எப்ப வீட்டுக்குப் போறோம்” என்று வரிசையாக வரும். அப்போது ஒரு போட்டியை வைத்துவிட்டால் தீர்ந்தது. பிறகு நாள் முழுக்க அடுத்தது என்ன என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் எதுவும் வைப்பதில்லை. கண்ணுக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான்.

போன மாதம் அக்கா மகள் சுவரோரம் குத்துக்காலிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். குழியானை! மழை படாத பொடிமண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரிந்தது. அது ஏற ஏற, அடியிலிருந்து மண்ணை வாரி இறைத்தது உள்ளே இருந்த பூச்சி. எறும்பு போயே போய்விட்டது. இவள் குச்சியால் மெல்லக் கிளறி, பூச்சியை எடுத்து உள்ளங்கையில் விட்டாள். அது பின்பக்கமாகவே நகர்ந்தது. “முன்னாடி நடக்கத் தெரியாதா உனக்கு?” என்று அதனிடமே கேட்டு, திருப்பித் திருப்பி விட்டுப் பார்த்து, தெரியாது என்று அவளே முடிவு கட்டினாள். சரியான முடிவு!

அது பெரிதானால் தட்டான் போல இறக்கை முளைத்துப் பறக்கும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில், “சித்தி, அது வளர்ந்தா என்னாகும்?” என்று அவளாகக் கேட்டாள். அப்போது சொன்னேன். கண் விரிந்ததே ஒரு விரிவு!

கரும்பலகை:
அருமை செம்பருத்தி. நான் ஆசிரியர். எங்கள் மைதான மூலையில், வெட்டிய மரக்கிளைகளை அப்புறப்படுத்தாமல் போட்டு வைத்தோம். குடிசை, கோட்டை, கப்பல் என்று வாரத்துக்கு ஒன்று எழும்புகிறது, சரிகிறது, மறுபடி எழும்புகிறது. ஊஞ்சலுக்குக்கூட இப்போது அவ்வளவு கூட்டமில்லை.

இது புதிய யோசனை இல்லை. டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன், ஒழுங்காக அமைத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டுமான இடங்களில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான், 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் பழைய பலகையும் செங்கல்லுமாகத் திறந்த திடல்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். கிளை எவ்வளவு உயரம் என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். ஏறலாமா வேண்டாமா என்று அதுவே கணக்குப் போடும். உளுத்த கிளை, உடைந்த கண்ணாடி, புதர் மறைத்த கிணறு, இதெல்லாம் அதற்குத் தெரியாது. அவற்றை முன்கூட்டியே பார்த்து அகற்றுவது நம் வேலை. “பார்த்து, பார்த்து” என்று கீழிருந்து கத்தினால் ஏறுகிறவன் கவனம்தான் சிதறும்.

வெயிலோன்:
கண்ணுக்காகவாவது வெளியே விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளி நேரம் கூட்டிப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4%, மற்றப் பள்ளிகளில் 39.5%. என்னைப் போலச் சோடாபுட்டிக் கண்ணாடிக் குடும்பத்தாருக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆற்றுமணல்:
எல்லாரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். பதினைந்து வயதுக்காரர்களுக்குப் பூச்சியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது கூட்டாளிகள், உடம்பை முறிக்கிற ஒரு வேலை, பெரியவர் தலை தெரியாத கொஞ்சம் இடம்.

என் மகனும் நண்பர்களும் கணுக்கால் அளவு ஓடைக்கு வந்தார்கள். போனைப் பிடுங்கவில்லை. ஒருவன் சும்மா ஒரு கல்லைப் போட்டான், இன்னொருவன் அதன் பக்கத்தில் ஒன்று வைத்தான். கொஞ்ச நேரத்தில் அணை! தண்ணீர் அடியில் புகுந்து போனது. களிமண்ணும் சருகும் பிசைந்து அடைத்தார்கள். பக்கவாட்டில் அரித்தது, அங்கே ஓடினார்கள். கை ஈரமானதால் போன்களெல்லாம் கரையில்.

நான் வைத்த விதி ஒன்றே ஒன்று: புறப்படும்போது கற்களைப் பழைய இடத்திலேயே விட வேண்டும். ஏன் என்று சண்டைக்கு வந்த மகனிடம், கையிலிருந்த கல்லைப் புரட்டச் சொன்னேன். அடியில் ஒட்டிக்கொண்டு புழுக்கள். அடுத்த முறை புதிதாக வந்த ஒரு பையனுக்கு அந்த விதியை அவன்தான் சொன்னான், என்னைவிடக் கறாராக.