இன் விட்ரோ கேமிட்டோஜெனிசிஸ்: ‘செயற்கை’ வேண்டாமே

ஐயா, வணக்கம். கருமுட்டை, விந்தணு ஆகிய பாலணுக்களை உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில் வேறு செல்களிலிருந்து உருவாக்குவதுதான் இன் விட்ரோ கேமிட்டோஜெனிசிஸ். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘செயற்கைப் பாலணுவாக்கம்’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். செயற்கைக் கருவூட்டல் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பசுவுக்குப் போடும் சினை ஊசிக்கு இன்னொரு பெயர் போலிருக்கிறதே என்றுதான் நினைப்பார்கள். அதோடு, இங்கே உருவாகிற கருமுட்டை செயற்கையானதும் அல்ல. செல் தன் வேலையைத்தான் செய்கிறது, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

‘பாலணு’ இருக்கட்டும். தமிழ்நாட்டில் இனச்செல், இலங்கையில் புணரி என்றெல்லாம் வழங்கினாலும் இது இருபக்கமும் புரியும். ‘அணு’ என்றால் ஆங்கில ‘atom’ ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். விந்தணு என்னும்போது யாரும் அணுகுண்டை நினைப்பதில்லை.

சிக்கல் ‘இன் விட்ரோ’வில்தான். லத்தீனில் ‘கண்ணாடிக்குள்’ என்று பொருள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் தட்டு. ‘வெளி’, ‘புற’ என்று தொடங்கினால் மீனும் தவளையும் தண்ணீரில் செய்யும் வெளிக்கருவுறுதலோடு குழம்பும். ‘கலம்’ என்று போடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இலங்கையில் கலம் என்றால் செல்! ஆகவே என் பரிந்துரை: ஆய்வகப் பாலணுவாக்கம்.

இது எங்கெல்லாம் பொருந்துகிறது என்று பார்த்தேன். 2012-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஹயாஷி, சைட்டோ என்ற ஆய்வாளர்கள் சுண்டெலியின் குருத்துச் செல்லிலிருந்து (பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) கருமுட்டை எடுத்தார்கள். ஆனால் நடுவில் அதை ஒரு பெண் எலியின் உடலுக்குள் வைத்து வளர்க்க வேண்டியிருந்தது. அதை முழு ஆய்வகப் பாலணுவாக்கம் என்று சொல்ல மாட்டேன். 2016-இல்தான் கருமுட்டை முதிர்வது வரை எல்லாமே தட்டிலேயே முடிந்தது. 2023-இல் ஆண் எலியின் செல்லிலிருந்தே ஹயாஷி குழு கருமுட்டை உருவாக்கியது: 630 கருக்களை வைத்ததில் 7 குட்டிகள் பிறந்தன. இதற்கும் சொல் பொருந்துகிறது. மிஞ்சியிருக்கும் இரண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களும் பெண்கள்தான். ஆய்வகத்தில் பாலணு உருவாக்கி அந்த இனத்தைக் காக்கும் முயற்சியைப் பற்றி எழுதும்போதும் இதே சொல் போதும்.

மனிதரிலும் வேலை நடக்கிறது, ஆனால் குழந்தை பிறக்கும் கட்டம் எட்டவில்லை. 2025-இல் அமெரிக்காவின் ஓரிகனில் தோல் செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய தானக் கருமுட்டைக்குள் வைத்து, குரோமோசோம்களைப் பாதியாக்க முயன்றார்கள். கருவுற்றவற்றில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே ஐந்தாறு நாள் வளர்ச்சியை எட்டின. வளர்ந்தவற்றிலும் குரோமோசோம் கோளாறு. இது வேறு வழி என்றாலும் ‘ஆக்கம்’ என்பதற்குள் அடங்கும். ‘தோற்றம்’ என்று வைத்திருந்தால் அடங்கியிருக்காது.

வழக்கில் ஆய்வகக் கருமுட்டை, ஆய்வக விந்தணு என்று பிரித்தும் எழுதலாம், நாக்கில் நன்றாகவே வருகிறது.

அப்புறம், அந்த ஓரிகன் குழு தன் முறைக்கு மைட்டோமயோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. குரோமோசோம்கள் பாதியாகும் செல் பிரிதலான மயோசிஸுக்கு நம்மிடம் குன்றல் பகுப்பு இருக்கிறது. அதனோடு, குரோமோசோம் எண்ணிக்கை மாறாத சாதாரணச் செல் பிரிதலான மைட்டாசிஸை எப்படி ஒட்டுவது? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.