மாஞ்சோலைக்காரர்கள் இறங்கிய பிறகு உங்கள் கடையில் நடந்தது என்ன?

கல்லிடைக்குறிச்சி, மளிகை

2024 ஜூனில் மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கம்பெனி விருப்ப ஓய்வுக் கையெழுத்து வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். தோட்ட நிலம் 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் கம்பெனிக்குக் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை. 2028 வரை காலம் இருக்கிறதே என்று நாங்களும் தைரியமாக இருந்தோம். அங்கே நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் ஆட்கள் சம்பளம் வாங்கியதும் அரிசி, பருப்புக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கடைசியாக வந்த ஓர் அக்காவுக்கு 1,840 ரூபாய் பாக்கி. முந்தானை முடிச்சை அவிழ்த்து 1,900 ரூபாயாகப் பலகையில் வைத்தார். கணக்கை அடிக்கப் பேனாவை எடுத்தேன். “பேரை மட்டும் அடிக்காதீர்கள், அண்ணாச்சி” என்றார். இன்னும் அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

விக்கிரமசிங்கபுரம், டீக்கடை

அண்ணாச்சி, உங்களுக்குப் பாக்கியாவது வந்தது. எங்களுடையது மில்லை நம்பி வளர்ந்த ஊர். ஷிப்ட் முடியும் சங்கு ஊதுவதற்குக் கால் மணி முன்பே அப்பா நாற்பது கிளாஸில் சர்க்கரை போட்டு வைத்துவிடுவார். மில்லில் ஆள் குறைத்தார்கள். ஒருநாள் பன்னிரண்டு கிளாஸ் அப்படியே நின்றது. ஒவ்வொன்றாகச் சர்க்கரையைத் தட்டி மறுபடியும் டப்பாவில் கொட்டினார். அப்பா எதுவும் பேசவில்லை. மறுநாள் இருபத்தைந்து கிளாஸ்தான் வைத்தார்.

அம்பாசமுத்திரம், ஜவுளி

எனக்கும் தீபாவளி வியாபாரம் போயிற்று. ஆனால் இருவருமே ஒரே முதலாளியின் சம்பள நாளை நம்பிக் கடை நடத்தியது தவறு. கடனுக்கு வரம்பு வையுங்கள். ஒரு மாதப் பாக்கி நின்றால் அடுத்த மாதம் சரக்கு கொடுக்காதீர்கள். சிறு வியாபாரிகளுக்கான முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கிடைக்கும். அதை வாங்கிக் கல்யாணச் சமையல்காரர்கள், பள்ளி விடுதிகள் என்று வாடிக்கையை மாற்றுங்கள். டீக்கடைக்காரர் காலையில் இட்லியும் போடலாம். பஸ் நிறுத்தத்துப் பக்கம் கடையை நகர்த்தினால் இன்னும் நல்லது.

கல்லிடைக்குறிச்சி, மளிகை

தம்பி, மலையில் மழை பிடித்தால் இலை பறிப்பு நிற்கும், கூலி குறையும். அந்த மாதம் அரிசி தராதவனிடம் அடுத்த மாதம் யார் வருவார்கள்? கடன் கொடுத்ததால்தான் முப்பது வருடம் என் கடை ஓடியது.

நான் எழுதியது வேறொன்றுக்காக. அன்று பஸ் வந்துவிட்டது என்று அந்த அக்கா மீதி 60 ரூபாயை வாங்காமலே ஓடிவிட்டார். எந்த ஊரில் குடியேறியிருக்கிறார் என்று தெரியவில்லை. மேலிருந்து இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள். அவர் பேரில் வரவு வைத்திருக்கிறேன்.