பாவம் ஓரிடம், பழி மவுஸிடம்

இரண்டு வாரம் ஒரு வயர்லெஸ் மவுஸோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கர்சர் நொண்டியது. மவுஸை நகர்த்தினால் அரை நொடி அசையாமல் நிற்கும். பிறகு திரையின் மறுகோடிக்குத் தாவும். பேட்டரியை மாற்றினேன், மவுஸை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். கடைசியில் பொறுமையிழந்து புது மவுஸே வாங்கினேன். அதுவும் நொண்டியது! அப்போதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. ஒரு மாலை, பேக்கப் எடுப்பதற்காக வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருந்தேன். அதன் சிறு விளக்கு படபடவென்று மினுக்கும்போதெல்லாம் கர்சர் திக்கியது. விளக்கு அடங்கினால் ஒழுங்காக ஓடியது. மவுஸின் சைகையை வாங்கும் குட்டி யூஎஸ்பி ரிசீவர் அந்த டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் ஒட்டினாற்போல் இருந்தது. யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. இத்தகைய ரிசீவர் வைத்த மவுஸ்கள் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறது; எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, டிஸ்க்கிலிருந்து தள்ளிவைத்தேன். அன்றோடு தொல்லை விட்டது.

---

என் கதையில் குற்றவாளி மவுஸேதான். ஒரு முறை அழுத்தினாலே கோப்புறை திறந்துகொள்ளும். கோப்பைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் நழுவி வேறெங்கோ விழும். அதைத் தேடுவது தனி வேலை. அமைப்புகளில் இரட்டைக் கிளிக்கின் வேகத்தை மாற்றிப் பார்த்தேன். வழக்கமாக 500 மில்லிநொடிக்குள் இரண்டு அழுத்தம் விழுந்தால் விண்டோஸ் அதை இரட்டைக் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் குறைத்தும் பயனில்லை. என் விரல் ஒருமுறை அழுத்துவதை மவுஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் இருமுறை சொல்லிக்கொண்டிருந்தது.

திறந்துதான் பார்ப்போமே என்று துணிந்தேன். திருகுகள் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த வழவழப்பான பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருந்தன. பொத்தானுக்கு அடியில் ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி. அதுதான் மைக்ரோ சுவிட்ச். மூடியை நெம்பினால் உள்ளே மெல்லிய உலோகத் தகடு வளைந்து நிற்கிறது. அழுத்தும்போது அது டக்கென்று கவிழ்ந்து தொடுமுனையைத் தட்ட வேண்டும். முனை கறுத்து, தகட்டின் விறைப்பும் தளர்ந்துவிட்டால் ஒரே தட்டில் இரண்டு மூன்று முறை துள்ளும். முனையைத் துடைத்து, தகட்டைச் சற்றே வளைத்தேன். மூடப்போகையில், சுவிட்சின் தலையில் உட்காரும் கடுகளவு வெள்ளைக் குமிழ் தெறித்துப் போனது. அரை மணி நேரம் தரையில் தவழ்ந்து அதைக் கண்டுபிடித்தேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது; பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் (சால்டரிங்) தெரிந்தவர்கள் சுவிட்சையே மாற்றிவிடுங்கள்.

---

எனக்கு ஒரே ஒரு முடி! அடியிலுள்ள துளையில் மாட்டிக்கொண்டு கர்சரை நடுங்கவைத்தது. ஆப்டிகல் மவுஸ் தன் கீழே இருப்பதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடித்து, படங்களை ஒப்பிட்டு நகர்வைக் கணிக்கிறது. கண்ணில் துரும்பு விழுந்தால் என்ன செய்யும், பாவம். கண்ணாடி மேஜையில் தடுமாறுவதும் ஒப்பிட அடையாளம் ஏதும் கிடைக்காததால்தான். ஒரு தாளை விரித்தால் போதும்.

---

நான் பயந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரவு பதினொரு மணி. கை மடியில் இருக்கிறது. கர்சர் தானாக மேல் மூலைக்குப் போய், நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மூடப் பார்க்கிறது. எவனோ கணினிக்குள் புகுந்துவிட்டான் என்று இணைய இணைப்பைத் துண்டித்தேன். அப்போதும் நகர்ந்தது. மவுஸைப் பிடுங்கினேன். நகர்ந்தது. டச்பேடை அணைத்தேன். ஊகூம்.

மிச்சமிருந்தது தொடுதிரை ஒன்றுதான். விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தால் அந்த மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். யாரோ அங்கே விரல் வைப்பதாகத் திரை நினைத்துக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் தொடுதிரையை மட்டும் முடக்கினேன், பேய் ஓடிவிட்டது.

---

முடி ஒரு தொல்லையா? உருண்டை வைத்த மவுஸைக் கண்டவர்களைக் கேளுங்கள். மூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் உருளைகளை நகத்தால் சுரண்டினால் அழுக்கு கறுப்பு வளையமாக உரிந்து வரும். அதில் ஓர் அலாதி திருப்தி இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். மவுஸைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் குழுவினர் 1964-ல் செய்த முதல் மாதிரியில் உருண்டைகூடக் கிடையாது; மரக்கட்டைக்கு அடியில் இரண்டு சக்கரங்கள், அவ்வளவே.

---

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். நொண்டி என்று ஒதுக்கிய பழைய மவுஸ் இப்போது அழகாக ஓடுகிறது. அவசரப்பட்டு வாங்கிய புதியதில்தான் கோளாறு: சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் திடீரென்று மேலே குதிக்கிறது. இதற்கு யாரிடமாவது மருந்து உண்டா?

---

சக்கரத்தின் அச்சுப் பக்கம் தூசி போயிருக்கும். இணைப்பைக் கழற்றிவிட்டு, இடுக்கில் காற்றை ஊதி, சக்கரத்தை இரு பக்கமும் வேகமாகப் பலமுறை உருட்டிப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.