மறுமொழி: கோடைப் பயிற்சிக்கு இரண்டாவது தவணை

அனுப்பியது: பம்புசெட்டு வீட்டு இளையவன், தோஹா

சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கோடைப் பட்டறைப் பயிற்சியை அடுத்த கோடைக்கு முப்பது பேராக்கலாம் என்று செயலாளர் மாமா இரண்டாவது தவணை கேட்டு எழுதியதைப் பார்த்தேன். என் பங்கை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். காசு கொடுக்க மனசில்லாதவன் குறை சொல்ல வந்துவிட்டான் என்று பேச்சு வரும், அதனால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அத்தை காரியத்துக்காக மே மாதம் பன்னிரண்டு நாள் ஊரில் இருந்தேன். பிளஸ் ஒன் முடித்த பையன்கள் பதினான்கு பேரை ஆறு வாரம் பட்டறைகளில் விட்டிருக்கிறோம் அல்லவா, அவர்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாரையும் பார்க்க முடியவில்லை. மூன்று பட்டறைக்குத்தான் போனேன். அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் எங்கள் மதினியின் தம்பி மகன் இருக்கிறான். நான் போனபோது கருகிப்போன ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று மேசையில் கிடந்தது. பழைய கம்பியை வெட்டி எடுக்கும் முன் எந்தக் காடியிலிருந்து (கம்பி உட்காரும் பள்ளம்) எந்தக் காடிக்குக் காயில் போகிறது என்று பையன் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணினான். ஐம்பத்தாறு என்றான். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "மறுபடி எண்ணு" என்றார். எண்ணினான். ஐம்பத்தெட்டு. "ரெண்டு சுத்து குறைஞ்சா மோட்டார் கரண்டைக் கூட இழுக்கும், சூடாகும், கொஞ்ச நாள்ல திரும்ப வந்து இங்கதான் கிடக்கும்" என்றார். வேறொன்றும் திட்டவில்லை. பையன் ஐம்பத்தாறை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினான். வாராவாரம் சனிக்கிழமை கூலி வாங்கியதாகவும் சொன்னான். நான் இருபத்திரண்டு வருஷமாக எலெக்ட்ரிக்கல் லைனில் இருக்கிறவன். அங்கே நடந்ததுதான் பயிற்சி.

அடுத்தது கேட், கிரில் அடிக்கிற பட்டறை. யார் பட்டறை, யார் வீட்டுப் பையன் என்று எழுத மாட்டேன். அவனுக்குப் பதினாறு வயசு. ஒருத்தர் வெல்டிங் வைக்க இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வைப்பவர் முகத்தில் ஷீல்டு இருக்கிறது. இவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு, "கண்ணை மூடிக்கோ" என்ற ஒரு வார்த்தை. அந்த வெளிச்சம் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து ராத்திரியில்தான் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். பையன் அதையேதான் சொன்னான், மூன்று ராத்திரி தூங்கவில்லையாம். போதாததற்கு ராத்திரி ஒன்பது மணி வரை வேலை. டீ வாங்கி வருவதும் முதலாளி வீட்டு ரேஷன் பையைத் தூக்குவதும் இவன்தான். கூலி எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். "தொழில் கத்துத் தர்றேன், காசு வேறயாடேன்னு சொல்லிட்டாக" என்றான். அப்படியென்றால் கூலியில் சங்கம் கொடுத்த பாதி யார் கையில் போனது?

இதற்குப் பதில் தெரியாமல் அடுத்த கோடைக்கு முப்பது பிள்ளைகள் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

-----

அனுப்பியது: கணக்குப்பிள்ளை வீட்டு மூத்தவர், டொரண்டோ

தம்பி எழுதியது நல்லது. நான் கேட்டால் பழைய விவகாரத்தைக் கிளறுகிறேன் என்பார்கள். கிளறவில்லை. கூட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

வாரம் ஆயிரம் ரூபாய், அதில் பாதி சங்கம், பாதி பட்டறை என்று பேச்சு. பதினான்கு பேர், ஆறு வாரம், ஐநூறு. சங்கத்தின் பங்கு 42,000. மாமா அனுப்பிய தாளில் செலவு 49,500 என்று இருக்கிறது. கூடுதல் 7,500-க்கு எதிரே "இதர" என்று ஒரே ஒரு சொல். இதர என்றால் என்ன? போக்குவரத்தா, பேனரா, யாருக்காவது சால்வையா?

இரண்டாவது கேள்வி. 42,000-க்குப் பதினான்கு பையன்களின் கையெழுத்து வேண்டும். என்னிடம் வந்தது ஏழு பட்டறைக்காரர்களின் கையெழுத்து. அதில் இரண்டு ஒரே கையெழுத்து மாதிரி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

-----

அனுப்பியது: பெரிய வீட்டு அத்தான், நியூ ஜெர்ஸி

வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்தேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தச் சங்கம் தொடங்கியது எதற்கு? நம் ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு டாக்டராகவும் இன்ஜினியராகவும் போனவர்கள், பின்னால் வருகிறவர்களைக் கைதூக்கி விடுவதற்கு. நீட் பயிற்சிக்குப் பணம் கேளுங்கள், இப்போதே தருகிறேன். பிளஸ் டூ போகிற பையனைக் கிரில் பட்டறையில் கொண்டுபோய் விடுவதற்கு அவன் அப்பனே போதும், அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்ப வேண்டியதில்லை. பக்கத்து ஊர்ச் சங்கம் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் போட்டுக் கொடுத்திருக்கிறது. நாம் ஸ்பேனர் வாங்கிக் கொடுக்கிறோம். கேட்கவே நன்றாக இல்லை.

-----

அனுப்பியது: கொல்லம்பட்டறைத் தெரு மகள், ஸ்டுட்கார்ட்

அத்தானுக்கு,

உங்கள் வீட்டு வாசலில் மயில் வைத்த கேட் ஒன்று நிற்கிறதே, அதை அடித்தது எந்த இன்ஜினியர்? என் அண்ணன். அதற்குக் கூலியில் கடைசித் தவணை இன்னும் பாக்கி. அப்பா உங்கள் அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார், நாங்கள் மறக்கவில்லை. ஸ்பேனர் கேவலம் என்று எழுதும் முன்பு அந்தக் கேட்டை ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். இருபது வருஷமாகியும் கீச்சென்று ஒரு சத்தம் வராது.

இங்கே ஜெர்மனியில் என் கீழ்வீட்டுப் பையன் பதினாறு வயசில் பள்ளியை முடித்துவிட்டு எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்குப் போனான். வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனி, மீதி நாள் தொழிற்பள்ளி. இதற்கு 1969 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மாதாமாதம் அவன் பெயருக்குச் சம்பளம் வரும். எந்தத் தொழிலானாலும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2020-இல் முதல் வருஷத்துக்கு 515 யூரோ என்று அடிமட்டம் போட்டார்கள், பிறகு அது ஏறிக்கொண்டே வருகிறது. என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் தாளில் இருக்கும். பையன் வாராவாரம் என்ன செய்தான் என்று நோட்டு எழுதி, கற்றுக்கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்குவான். அந்த நோட்டு இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சையே எழுத முடியாது. டீ வாங்க அனுப்பினால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இன்னொன்று. பதினான்கும் பையன்கள். நம் பள்ளியில் பெண்பிள்ளைகளே இல்லையா? காயில் கட்ட வேண்டியது பொறுமையும் விரலும். மீசை வேண்டியதில்லை.

-----

அனுப்பியது: சிங்கப்பூர் பெரியப்பா

எல்லோரும் சண்டை போடுங்கள், நான் ஒரு பழைய கதை சொல்கிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல். நான் அந்த முதல் செட். தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று வைத்தார்கள், அதில் யாரும் சேரவில்லை. மார்க் குறைந்தவன் போகிற இடம் என்று பெயராகிவிட்டது. எனக்கு மார்க் குறைவு, சேர்ந்தேன். எங்களுக்கு ஒரு சார் இருந்தார், காதில் எப்போதும் பென்சில் சொருகியிருப்பார். மோட்டாரைத் தட்டி, சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்பார். அவர் காட்டிய வேலைதான் என்னை இங்கே கப்பல் பட்டறைக்குக் கொண்டுவந்தது. முதல் மாதச் சம்பளத்தில் அவருக்கு ஒரு சட்டைத்துணி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெரிய வீட்டு மாப்பிள்ளை கோபிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் உங்கள் மாமனாரும் இதையேதான் சொன்னார்.

-----

அனுப்பியது: செயலாளர்

அனைவருக்கும் பணிவான வணக்கம். எனக்கு வயது எழுபத்தொன்று. சம்பளம் வாங்கி இந்த வேலையைச் செய்யவில்லை. ஏழு பட்டறைக்கும் பஸ்ஸில்தான் போனேன், அந்த டிக்கெட்டை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

பணத்தைப் பட்டறைக்காரர்கள் கையில் கொடுத்தது உண்மை. பையன்களில் பாதிப் பேருக்கு வங்கிக் கணக்கு இருந்தும் செயல்படவில்லை, நேரமும் இல்லை. அவர்கள் தங்கள் பாதியையும் சேர்த்து வாராவாரம் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். ஐந்து பேர் கொடுத்தார்கள். இரண்டு பேர் கொடுக்கவில்லை என்பது தம்பி எழுதிய பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது. கையெழுத்து ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் அவர்கள் அண்ணன் தம்பி, அண்ணன்தான் இரண்டுக்கும் போட்டார்.

"இதர" 7,500 பற்றி. எழுதக் கூடாது என்று இருந்தேன். நான்காவது வாரம் ஒரு பையன் கம்பி அறுக்கிற மெஷினில் கையை விட்டுக்கொண்டான். விரலில் ஐந்து தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை, இப்போது நன்றாக இருக்கிறான். மருத்துவச் செலவை நான் சங்கப் பணத்திலிருந்து கொடுத்தேன். பையனின் தாயார், "அவுகளுக்குத் தெரிய வேண்டாம், அங்க தனியா இருக்காக, பயந்துருவாக" என்று கேட்டுக்கொண்டதால் இதர என்று எழுதினேன். பையனின் தகப்பனார் இந்த மடற்குழுவில்தான் இருக்கிறார்.

தவறு என்றால் நான் விலகிக்கொள்கிறேன்.

-----

அனுப்பியது: (கைப்பேசியிலிருந்து), கோலாலம்பூர்

மாமா, எந்தக் கை?

-----

அனுப்பியது: பம்புசெட்டு வீட்டு இளையவன், தோஹா

கோலாலம்பூர் அண்ணாச்சியிடம் நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினேன். மாமாவும் பேசினார். இடது கை, ஆள்காட்டி விரல், மடக்க முடிகிறது. அதற்கு மேல் இங்கே யாரும் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்கிறார்.

மாமா விலக வேண்டியதில்லை. ஆனால் "இதர" என்று எழுதியது தப்புதான் மாமா. அந்த ஒரு வார்த்தையால், அந்த மெஷின் பக்கத்தில் மீதி இரண்டு வாரமும் இன்னொரு பையன் நின்றிருக்கிறான்.

நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1961-ஆம் வருஷத்துப் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தில் பதினாலு வயசு முடிந்தவர்களைச் சேர்க்கலாம், ஆபத்தான தொழில்களுக்குப் பதினெட்டு. மைனர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும். 2019-இல் திருத்திய விதிப்படி பத்தாவது முடித்தவனுக்கு மாதம் குறைந்தது 6,000, பிளஸ் டூ முடித்தவனுக்கு 7,000. நாம் பேசிய வாரம் ஆயிரம் அதற்கும் கீழே. நாலு பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறை அந்தத் திட்டத்துக்குள்ளேயே வராது, நம் ஏழில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் விடாது. பதினாலிலிருந்து பதினெட்டுக்குள் இருக்கிற பிள்ளையை ஆபத்தான வேலையில் வைக்கவே கூடாது என்று 2016-இல் திருத்தினார்கள். மற்ற வேலை என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம், மாலை ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலையே கூடாது. அந்தக் கிரில் பட்டறையில் ஒன்பது மணி வரை பையன் நின்றதற்குப் பணம் கொடுத்தது நாம். யாராவது புகார் கொடுத்தால் பட்டறைக்காரர் கை காட்டப்போவதும் நம்மைத்தான்.

அதனால் என் கட்சி இதுதான். பணம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கு, சனிக்கிழமைதோறும், சங்கத்திலிருந்து நேராகப் போக வேண்டும். பட்டறைக்காரரின் பாதியும் முன்கூட்டியே சங்கத்துக்கு வந்துவிட வேண்டும். தன் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்பவருக்குப் பிள்ளை வேண்டியதில்லை, எடுபிடிதான் வேண்டும். காசு கொடுத்து வைத்துக்கொண்டால்தான் அந்த ஆள் பையனுக்கு வேலை காட்டுவார், இல்லாவிட்டால் அவருக்கு நஷ்டம். ஓசியில் வந்தவனை டீக்கடைக்கு அனுப்பினால் அவருக்கு என்ன போகிறது?

வெல்டிங், கிரைண்டிங் மெஷின் இரண்டும் பதினெட்டு முடிகிற வரை கிடையாது. அந்தப் பட்டறையிலும் பையன் கற்க எவ்வளவோ இருக்கிறது. அளவெடுப்பது, எத்தனை அடி கம்பி வேண்டும் என்று கணக்குப் போடுவது, மூலைமட்டம் பார்ப்பது. கேட் கோணலாகப் போவது பெரும்பாலும் அங்கேதான், வெல்டிங்கில் இல்லை. ஸ்டுட்கார்ட் அக்கா சொன்ன நோட்டும் வேண்டும். என்னென்ன எழுதலாம் என்று ஒரு பக்கம் மாதிரி போட்டு அனுப்பினால் நான் ஊரில் அச்சடிக்க ஏற்பாடு செய்கிறேன்.

முப்பது பேர் வேண்டாம், எட்டு போதும். அதில் மூன்று பேராவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும்.

பெரிய வீட்டு அத்தானுக்கு ஒன்று மட்டும். நீட்டுக்கு நீங்கள் தனியாகக் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. பிளஸ் டூ முடித்து அரசு ஐடிஐ போகிறவனுக்குக் கட்டணமில்லாமல் படிப்பும் மாதம் 750 ரூபாயும் அரசாங்கம் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்தவனானால் 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு ஆயிரம். போவதற்கு வழி இருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு கோடை பட்டறையில் நின்று பார்க்கத்தான் இந்தத் திட்டம். பிடிக்காமல் திரும்பி வந்தாலும் அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

காயில் கடைக்காரர், பள்ளி திறந்த பிறகும் எங்கள் பையனைச் சனிக்கிழமைகளில் வரச்சொல்லியிருக்கிறார், முழுக் கூலியும் தானே தருகிறாராம். கழற்றிய பழைய செம்பை எடை போட்டு வைப்பதும் இப்போது அவன் பொறுப்பு.

மாமா தவணை மடலைத் திருத்தி அனுப்பட்டும். அதுவரை நான் அனுப்பிய பணம் அங்கேயே இருக்கட்டும், அதிலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம். டொரண்டோ அண்ணாச்சி, உங்களைத்தான் சொல்கிறேன், அந்தப் பூதக்கண்ணாடியை ஊருக்கு ஒரு தடவை நேரில் கொண்டுவாருங்கள்.